77-ஆம் நம்பருக்கு என்ன விலை?

லைன்மேன் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? காக்கிச் சட்டை, தோளில் ஏணி, கையில் கட்டிங் பிளேயரோடு வரும் மின்வாரியத்துக்காரர்தானே? கரண்ட் இருக்கிற வரைக்கும் அவர் பேர்கூட நமக்குத் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் நின்றால் மட்டும், ‘எங்கேய்யா போனான் அந்த லைன்மேன்?’ என்று தெருவே கத்தும்.

இந்த வாரம் நான் வக்காலத்து வாங்கப் போவது இன்னொரு லைன்மேனுக்காக. அவர் அமெரிக்க ஃபுட்பாலில் இருக்கிறார். ஊர் வேறு, வேலை வேறு, சம்பளம் ரொம்பவே வேறு. தலையெழுத்து மட்டும் அதேதான்!

‘நமக்கெதுக்கு சார் அமெரிக்க ஃபுட்பால்?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உலகத்திலேயே அதிகப் பணம் புரளும் விளையாட்டு லீக், ஒரு மனுஷனுக்கு விலை போடுவதில் எவ்வளவு புத்திசாலித்தனமாகத் தப்புப் பண்ணுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

முதலில் ஆட்டம். பேருக்குத்தான் ஃபுட்பால். பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். முட்டை மாதிரி ஒரு பந்து, பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்தை வாங்கி, தூரத்தில் ஓடுகிறவருக்கு வீசும் ஹீரோவுக்குப் பேர் குவார்ட்டர்பேக். விளம்பரம், போஸ்டர், ரசிகர்கள் வாங்கும் சட்டையில் இருக்கும் பெயர் எல்லாம் அவருடையது. அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி குனிந்து நிற்பார்கள். ஆளுக்கு 140 கிலோ தேறும். அதுதான் ஆஃபென்ஸிவ் லைன். எதிர் டீம்காரர்கள் குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். அவர்களைத் தடுப்பது இந்த ஐந்து பேர் வேலை. எவ்வளவு நேரம்? ஏறக்குறைய இரண்டரை விநாடி! அதற்குள் பந்து ஹீரோவின் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் பந்தோடு சேர்த்து மல்லாத்திவிடுவார்கள். அதற்குப் பேர் ‘ஸாக்’.

இப்போது கணக்குப் புத்தகத்தைத் திறங்கள். பந்தை வீசினவர் பேரில் இத்தனை கஜம். பிடித்தவர் பேரில் இத்தனை. ஓடினவர் பேரில் இத்தனை. ஹீரோவை மல்லாத்தின எதிரி பேரில்கூட ஒரு ஸாக் ஏறும். சுவராக நின்ற ஐந்து பேருக்கு? ஒன்றும் இல்லை. அவர்களுக்குப் பந்தை வீசுவதற்கே சாதாரணமாக விதியில் இடம் கிடையாது. ஸ்டேடியத்தில் அவர்களைப் பற்றிப் பேச்சு வருவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான். தப்புப் பண்ணும்போது! நடுவர் மைக்கைத் தட்டிவிட்டு, ‘ஹோல்டிங்... நம்பர் 77... பத்து கஜம் அபராதம்’ என்பார். பேர்கூட இல்லை பாருங்கள். நம்பர்!

நம் கதாநாயகனின் நம்பரும் 77-தான். பேர் ஆண்ட்ரூ விட்வொர்த்.

* * *

ஆறடி ஏழு அங்குல மனிதர். 2006-ல் சின்சினாட்டி பெங்கால்ஸ் டீமில் சேர்ந்தார். பெரும்பாலும் ஆடின இடம் லெஃப்ட் டேக்கிள், அதாவது சுவரின் இடது கோடி.

அந்த இடது கோடிக்கு ஒரு தனி மகத்துவம் உண்டு. வலது கைக்காரர் பந்து வீசத் திரும்பி நின்றால், இடது பக்கம் அவருக்கு முதுகுப் பக்கம். அங்கிருந்து யார் வந்தாலும் தெரியாது. 1985 நவம்பர் 18 அன்று ராத்திரி, நாடு முழுக்க டி.வி. பார்த்துக்கொண்டிருக்க, லாரன்ஸ் டெய்லர் என்கிற நியூயார்க் ஜயன்ட்ஸ் வீரர் ஓடிவந்து வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன் மேல் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. தைஸ்மன் அதற்குப் பிறகு ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. வாஷிங்டனின் வழக்கமான லெஃப்ட் டேக்கிள் ஜோ ஜேகபி அன்றைக்குக் காயத்தால் வெளியே இருந்தார் என்பதை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? மைக்கேல் லூயிஸ் என்கிற எழுத்தாளர் 2006-ல் இதை வைத்து ஒரு புத்தகமே எழுதின பிறகுதான், அந்த இடத்தின் அருமை ஊருக்குப் புரிந்தது.

புரிந்தது இடத்தின் அருமை. ஆளின் அருமை புரிந்ததா? அங்கேதான் என் சண்டை.

2015-ல் விட்வொர்த்துக்கு 33 வயது. பெங்கால்ஸ் நிர்வாகம் கூட்டிக் கழித்துப் பார்த்தது. ‘கிழம் தட்டப் போகிறது, மாற்று ஆளைத் தயார் பண்ணு’ என்று, அந்த வருஷ டிராஃப்டில், அதாவது கல்லூரியிலிருந்து ஆள் எடுக்கும் தேர்வில், முதல் இரண்டு வாய்ப்பையும் இளம் டேக்கிள்கள்மேல் போட்டது. தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால், கிழம் என்ன பண்ணியது தெரியுமா? அதே 2015 சீசனில், லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ‘ஆல்-ப்ரோ’ முதல் அணியில் இடம்பிடித்தது!

அப்படியும் 2017 மார்ச்சில், 35 வயதில், 11 சீசனுக்குப் பிறகு, அவரைப் போகவிட்டார்கள்.

* * *

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷ அக்கவுன்டன்ஸியில் தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். ஒரு லட்ச ரூபாய்க்கு ஒரு லேத் மெஷின் வாங்குகிறீர்கள். வருஷத்துக்குப் பத்தாயிரம் தேய்மானம் எழுதுகிறீர்கள். பத்தாவது வருஷம் புத்தகத்தில் அதன் மதிப்பு பூஜ்யம். ஆனால் ஷெட்டில் போய்ப் பார்த்தால் மெஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். புத்தகத்தில் பூஜ்யம் என்பதற்காக ஓடுகிற மெஷினை எடைக்குப் போடும் முதலாளியை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

விளையாட்டு நிர்வாகத்தில் அவருக்குப் பேர் ‘தொலைநோக்குப் பார்வை உள்ள ஜெனரல் மேனேஜர்’!

‘முப்பது தாண்டினால் தள்ளிவிடு’ என்பது ஒரு கணக்கு முறையே அல்ல. கணக்குப் போட சோம்பேறித்தனப்படுகிறவர்களின் சமாதானம். இருபது வயதில் மின்னல் மாதிரி ஓடுகிறவருக்கு முப்பதில் கால் ஓய்ந்துபோகும், சரி. லைன்மேனின் சரக்கு வெறும் வேகம் இல்லையே! எதிரில் நிற்பவன் எந்தக் காலில் எடையைப் போட்டிருக்கிறான், இரண்டு பேர் குறுக்கே மாறி வரப் போகிறார்களா, கை முதலில் எங்கே படவேண்டும், பக்கத்து ஆளிடம் எப்போது கைமாற்றிவிட வேண்டும்... இதெல்லாம் ஆயிரக்கணக்கான தடவை அடி வாங்கி வாங்கி வருகிற ஞானம். தேய்மானப் பாடத்தில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

சரி, தள்ளிவிட்ட மெஷின் என்ன ஆச்சு?

லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் டீம் அவருக்கு மூன்று வருஷ கான்ட்ராக்ட் கொடுத்தது. சிரித்தவர்கள் உண்டு. அந்த டீமின் புதுக் கோச் ஷான் மெக்வே, விட்வொர்த்தைவிட நாலு வயசு சின்னவர்! 2016-ல் ராம்ஸ் 4 மேட்ச் ஜெயித்து 12 தோற்ற டீம். மொத்தமாக எடுத்தது 224 பாயின்ட், லீகிலேயே கடைசி. அடுத்த வருஷம் 11 வெற்றி, 478 பாயின்ட், லீகிலேயே முதல். இளம் குவார்ட்டர்பேக் ஜாரட் காஃப் 2016-ல் ஆடின 7 மேட்சில் 26 தடவை மல்லாந்தார். 2017-ல் 15 மேட்சில் 25 தடவைதான். விட்வொர்த் மறுபடியும் ஆல்-ப்ரோ முதல் அணி.

எல்லாமே விட்வொர்த்தால்தான் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. கோச் மாறினார், ஆட்ட முறை மாறியது, சுவருக்கு நடுவில் நிற்க இன்னொரு அனுபவசாலியும் வந்தார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ‘தேய்ந்துபோன சரக்கு’ என்று அனுப்பப்பட்டவர் இந்த மாற்றத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார் என்பதை நீங்களும் ஒப்புக்கொள்ளுங்கள்.

பெங்கால்ஸ் கதையையும் கேளுங்கள். மாற்று ஆளாக எடுத்த அந்த இரண்டு பேரும் 2019-ல் அந்த டீமிலேயே இல்லை. அந்த சீசனில் பெங்கால்ஸ் ஜெயித்தது 2, தோற்றது 14. கடைசி இடத்துக்கான பரிசாக 2020-ல் ஜோ பர்ரோ என்கிற அருமையான இளைஞர் குவார்ட்டர்பேக்காகக் கிடைத்தார். முதல் சீசன் முடிவதற்குள்ளேயே அவர் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. 2021 சீசனில் திரும்பி வந்தார். 51 தடவை மல்லாத்தினார்கள். லீகிலேயே அதிகம்.

கடவுள் சில நேரம் நம் பத்திரிகைத் தொடர்கதை எழுத்தாளர்களைவிட நாடகத்தனமாக எழுதுகிறார். 2022 பிப்ரவரி 14. நமக்கு காதலர் தினம் விடிகிற நேரம். அங்கே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து சோஃபை ஸ்டேடியத்தில் சூப்பர் பவுல் ஃபைனல். ஒரு பக்கம் பெங்கால்ஸ். எதிர்ப் பக்கம் ராம்ஸ். ராம்ஸின் லெஃப்ட் டேக்கிள் நம்பர் 77. வயது 40!

பர்ரோவை அன்றைக்கு 7 தடவை சாய்த்தார்கள். கடைசி வாய்ப்பில்கூட எதிரி மேலே விழ, பந்தை எங்கேயோ வீசத்தான் முடிந்தது. ராம்ஸ் 23, பெங்கால்ஸ் 20. விட்வொர்த் கோப்பையோடு வீட்டுக்குப் போய், அடுத்த மாதம் ஓய்வு அறிவித்தார்.

* * *

‘இருங்க சார், லைன் ஓட்டையாக இருந்தும் பெங்கால்ஸ் ஃபைனல் வரைக்கும் வந்தார்களே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பர்ரோவே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து வாங்கின ஸாக்குகளும் அதில் உண்டு. ஆனால் ப்ளே-ஆஃப் நாலு மேட்சில் மட்டும் அந்தப் பையன் 19 தடவை தரையில் கிடந்தான். அப்படி ஃபைனலுக்கு வந்தது அவன் நெஞ்சுரம், நிர்வாகத்தின் கெட்டிக்காரத்தனம் இல்லை. நம்பாவிட்டால் நிர்வாகத்தையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். தோற்ற அடுத்த மாதமே, வெளியிலிருந்து மூன்று அனுபவசாலி லைன்மேன்களைக் காசு கொடுத்துக் கூட்டிவந்தார்கள்!

அடுத்த கேள்வி. ‘இப்பதான் எல்லாத்துக்கும் புள்ளிவிவரம் வந்தாச்சே?’

வந்தாச்சு. ஒரு நிறுவனம் ஒவ்வொரு ஆட்டத்தையும் வீடியோவில் பார்த்து, ஒவ்வொரு லைன்மேனுக்கும் மைனஸ் இரண்டிலிருந்து ப்ளஸ் இரண்டு வரை மார்க் போடுகிறது. ஒரு டி.வி. சேனல், தோள்பட்டைக் கவசத்தில் இருக்கும் சிப் தருகிற தகவலை வைத்து, இரண்டரை விநாடி எதிரியைத் தடுத்தாரா என்று சதவீதம் சொல்கிறது. ஒன்றுமே இல்லாத காலத்துக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனால், அந்த ஆட்டத்தில் அவருக்கு என்ன வேலை சொல்லப்பட்டிருந்தது என்பது மார்க் போடுகிறவருக்கு முழுசாகத் தெரியாது. ‘நீ விலகு, அவனைப் பக்கத்து ஆள் பார்த்துக்கொள்வான்’ என்று திட்டமாக இருக்கலாம். பக்கத்து ஆள் கோட்டைவிட்டால் பழி யார் மேல் விழும்?

இன்னொன்று. இது ஐந்து கண்ணி உள்ள சங்கிலி. எதிரி எப்போதும் நோஞ்சான் கண்ணியைத்தான் தேடி அடிப்பான். ஒரு நல்ல ஆளை எடுத்துவிட்டுச் சுமாரான ஆளைப் போட்டால் நஷ்டம் ஐந்தில் ஒரு பங்கு என்று நினைக்காதீர்கள். அவருக்கு உதவப் பக்கத்து ஆள் சாய வேண்டும். பந்து பிடிக்க ஓடவேண்டியவர் ஒருத்தர் பின்னாலேயே நின்று காவல் காக்க வேண்டும். வீசுவதற்கு ஓர் ஆள் குறைவு. தூரமாக வீசுகிற திட்டமெல்லாம் குப்பைக்கூடை. ஹீரோவுக்கோ எந்நேரமும் உதறல். ஒரு ஆளின் சம்பளத்தை மிச்சம்பிடித்ததாகக் கணக்கு எழுதுகிறவர்கள் இந்தச் செலவை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்? எழுதவே மாட்டார்கள்!

தனி ஒருத்தர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தனியாக ஜெயிக்க முடியாது என்பதும் உண்மை. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் டீமின் ஜோ தாமஸ், 2007-ல் ஆரம்பித்து 2017-ல் கைத்தசை கிழியும் வரை, ஒரு ஆட்டம்கூட வெளியே உட்காராமல் தொடர்ச்சியாக 10,363 ஆட்டங்கள் நின்றார். மேட்ச் இல்லை சார், ஒவ்வொரு முறை பந்து நகருவதும் ஓர் ஆட்டம். அவருக்குப் பின்னால் 20 குவார்ட்டர்பேக்குகள் மாறினார்கள். அவர் மாறவில்லை. டீமோ தோற்றுக்கொண்டே இருந்தது. ஒரு ப்ளே-ஆஃப் மேட்ச்கூட அவருக்கு வாய்க்கவில்லை. வெற்றி தோல்வியை மட்டும் வைத்து விலை போட்டால் தாமஸுக்கு விலையே இல்லை. ஆனால் 2023-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். எதை நம்புவீர்கள்?

* * *

அப்படியானால் வயசானவர்களை அனுப்பவே கூடாதா? அசட்டுத்தனம். ஒரு டீமின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. 2025-ல் அது 27 கோடியே 92 லட்சம் டாலர். அதற்குள் 53 பேர். ஒருத்தருக்குக் கொடுத்தால் இன்னொருத்தருக்கு இல்லை. சில பேர் ஒரே சீசனில் சடாரென்று விழுந்துவிடுவதும் உண்டு. நிர்வாகத்தின் தலைவலி நிஜம்தான்.

கான்சாஸ் சிட்டி சீஃப்ஸைப் பாருங்கள். 2021 பிப்ரவரி ஃபைனலில் அவர்களின் இரண்டு டேக்கிள்களும் காயத்தால் இல்லை. ஒருவருக்குக் குதிகால் நரம்பு, இன்னொருவருக்கு முதுகு. விளைவு? உலகமே கொண்டாடும் பேட்ரிக் மஹோம்ஸ், மைதானம் முழுக்க உயிர் தப்பி ஓடினார். 31-9 என்று தோல்வி. அந்தச் சீஃப்ஸ் மறு மாதமே அதே இரண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். கொடுமை என்று தோன்றும். ஆனால், அவர்கள் பிறந்த தேதியைப் பார்த்து அனுப்பவில்லை. முதுகையும் குதிகாலையும் பார்த்து அனுப்பினார்கள். மிச்சமான பணத்தைப் பாக்கெட்டில் போடவும் இல்லை. 8 கோடி டாலர் கான்ட்ராக்டில் ஒரு கார்ட், டிராஃப்ட் வாய்ப்புகளை விட்டுக்கொடுத்து ஒரு டேக்கிள் என்று சுவர் முழுவதையும் புதிதாகக் கட்டினார்கள். 2023 பிப்ரவரி ஃபைனலில் எதிரி, அந்த சீசனில் 70 ஸாக் எடுத்திருந்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். அன்றைக்கு அவர்கள் எடுத்த ஸாக், பூஜ்யம். கோப்பை சீஃப்ஸுக்கு.

இதற்கு மறுபக்கம் டிரென்ட் வில்லியம்ஸ். தலையில் இருந்த கட்டி புற்றுநோய் என்று தெரியவர, வாஷிங்டன் நிர்வாகத்தோடு மனக்கசப்பாகி, 2019 சீசன் முழுக்க அவர் ஆடவே இல்லை. 2020-ல் சான் ஃபிரான்சிஸ்கோ அவரை வாங்கியது. கொடுத்த விலை, ஒரு மூன்றாம் சுற்று, ஓர் ஐந்தாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு. கிட்டத்தட்ட பழைய இரும்பு விலை! வந்தவர் 2021, 2022, 2023 என்று வரிசையாக மூன்று வருஷம் ஆல்-ப்ரோ முதல் அணி. மூன்றாவது வருஷம் அவருக்கு வயது 35.

ஆக, ஒரு மூத்த லைன்மேனுக்கு விலை போடுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே மூன்று.

ஒன்று, அவர் நிற்காத அன்றைக்கு என்ன நடந்தது? நின்ற அன்றைக்கு ஒன்றுமே நடந்திருக்காது. அதுதான் அவர் வேலையே!

இரண்டு, அவருக்குப் பதில் யார்? ‘பையன் வளர்ந்துவிடுவான்’ என்பது பதில் இல்லை. ஜாதகம்.

மூன்று, அவர் உடம்பு என்ன சொல்கிறது? பிறப்புச் சான்றிதழ் என்ன சொல்கிறது என்பது வேறு கேள்வி.

* * *

கடைசியாக ஒரு கணக்கு. இதை எந்த ஜெனரல் மேனேஜரும் எழுதுவதில்லை.

மைக் வெப்ஸ்டர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சென்டர், ஐந்து பேருக்கும் நடுவில் நிற்பவர். மொத்தம் 17 சீசன் ஆடினார். நாலு சூப்பர் பவுல் ஜெயித்தார். 1997-ல் ஹால் ஆஃப் ஃபேம். ஓய்வுக்குப் பிறகு ஞாபகம் தவறியது, குடும்பம் சிதறியது, தன்னுடைய பிக்-அப் வண்டியிலேயே படுத்துத் தூங்கின நாட்களும் உண்டு. 2002-ல் 50 வயதில் இறந்துபோனார். பென்னட் ஓமலு என்கிற டாக்டர் அவர் மூளையை ஆராய்ந்து பார்த்தார். திரும்பத் திரும்பத் தலை மோதியதால் வரும் சேதம் அதில் தெரிந்தது. இந்த லீகில் ஆடினவர் ஒருவரிடம் அந்த நோய் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது அப்போதுதான். 2005-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தபோது லீகின் டாக்டர்கள் அதைத் தப்பு என்றார்கள். பிறகு வழக்குகள் குவிந்து, 2013-ல் சமரசத்துக்கு இறங்கிவந்தது லீக்.

மெஷினுக்குத் தேய்மானம் எழுதினால் அது முதலாளியின் செலவு. இங்கே தேய்மானம் முழுக்க மெஷினின் செலவு! ‘உனக்கு 33 ஆயிற்று, மதிப்புக் குறைந்துவிட்டது’ என்று பேரம் பேசுகிறார்களே, அந்த மதிப்பு எங்கே போனது? யாருக்காகத் தேய்ந்தது? அவன் தோளிலும் முழங்காலிலும் மண்டையிலும் விழுந்த அடியெல்லாம் பின்னால் நின்ற ஹீரோவின் மேல் விழ வேண்டியவை. பந்து வீசின கஜங்களில் அவனுக்கும் பங்கு உண்டு. புத்தகத்தில் அதற்கு ஒரு வரி இல்லையென்றால் புத்தகத்தைத் திருத்துங்கள், ஆளைக் கழிக்காதீர்கள்.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுக்காக நீ ஏன் அழுகிறாய் என்று கேட்கலாம். நான் அழவில்லை. அவன் நிலைமையே இது என்றால், கோடி வாங்காத லைன்மேன்கள் கதி என்ன என்றுதான் யோசிக்கிறேன். உங்கள் ஆபீஸில் ஒருத்தர் இருப்பார். இருபது வருஷமாக அவர் மேஜையைத் தாண்டி ஒரு தப்பும் போனதில்லை. நடக்காத தப்புக்கு அப்ரைஸல் படிவத்தில் கட்டம் கிடையாது. அடுத்த ஆள்குறைப்புப் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருக்கும். அவர் போன மூன்றாம் மாதம், எல்லோரும் அவர் செல்போன் நம்பரைத் தேடுவார்கள்.

இன்றைக்கு ராத்திரி ஃபேன் நிற்காமல் ஓடினால், ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். உங்கள் ஏரியா லைன்மேன் பேர் என்ன?